இரண்டாவது பிரேக்

என் வீட்டுக்காரரை ஊரில் பிரேக் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் எனக்கே சில சமயம் சட்டென்று நினைவுக்கு வராது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். அந்தப் பள்ளிக் கார்களில், பக்கத்து இருக்கையில் உட்காரும் வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் தடுமாறினால் வாத்தியார் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். மற்ற வாத்தியார்கள் அதை ஆத்திர அவசரத்துக்குத்தான் தொடுவார்கள். இவர் அதன் மேலேயே குடியிருந்தார்.

வாயும் சும்மா இருக்காது. "கண்ணாடியைப் பாரு. கண்ணாடியைப் பாருன்னேன். இப்ப எதுக்கு அவசரம், உன்னை யாராவது துரத்தறாங்களா?" என்று ஏறியதிலிருந்து இறங்கும் வரை ஒரே பாட்டு. அவரிடம் படித்தவர்கள் உரிமத் தேர்வில் தோற்றதில்லை, அது உண்மை. தேறிய பிறகு அவர்களில் யாரும் தெருவில் இவரைக் கண்டால் நின்று பேசியதில்லை, அதுவும் உண்மை. பேருந்தில் போனாலும் இவர் வலது கால் தரையை அழுத்தும். நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் வியாதிகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காய் நறுக்க உட்கார்ந்தால், "கத்தியை அப்படிப் பிடிக்காதே, விரல் போயிடும்" என்று ஆரம்பிப்பார். "போனா போகட்டும், என் விரல்தானே" என்று நானும் விடமாட்டேன். எனக்கு அது பழகிவிட்டது. மகளுக்குப் பழகவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் பெண்ணுக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுக்காமல் இல்லை. ஒருநாள் பாடத்தின் நடுவில், ஒரு நாற்சந்தியில் அவள் சரியாகத்தான் திரும்பியிருக்கிறாள், இவர் மிதித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்திருக்கிறார்கள். அவள் கதவைத் திறந்து இறங்கி, நடு ரோட்டிலிருந்தே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்: "அம்மா, நான் எங்கே போனாலும் அவர் கால் பிரேக்லதான் இருக்கு."

அதற்குப் பிறகு எல்லாமே அதே கதைதான். படிப்பில் மிதித்தார், வேலையில் மிதித்தார். அவள் கை நிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு, கூடப் படித்த தோழியோடு சேர்ந்து தூரத்து ஊரில் ஒரு கேக் கடை போட்டபோது, தினமும் போனில் மிதித்தார். அடுப்பு எங்கே வைத்தாய், பூட்டு எந்தக் கம்பெனி, அந்தத் தோழியை எப்படி நம்புகிறாய். கடைசியில் அவள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் கூப்பிடுவாள். "அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்பாள். 'அப்பா' என்ற வார்த்தை வாயில் வராது. இவர் பக்கத்து அறையிலிருந்து, "அவகிட்ட சொல்லு, மழை நேரத்துல ராத்திரி கடையைச் சாத்திட்டுத் தனியா வர வேண்டாம்னு" என்று கத்துவார். நான் சொல்லமாட்டேன்.

பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. ரத்த அழுத்த மாத்திரையை ஊருக்கெல்லாம் எடுத்துக்கொடுப்பவள் நான். வீட்டில் அவர் அதைச் சரியாகப் போடுகிறாரா என்று பார்க்கவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள், அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள், அவருக்குப் பேச்சு திரும்புவதற்குள் போய்விட்டாள். பேச்சு வந்ததும் முதலில் கேட்டது, "பாப்பா எந்த பஸ்ல போனா?"

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு மூட்டை மாதிரி கிடந்தார். காரில் உட்காரவைத்தாலும் மிதிக்கக் கால் இல்லை. பள்ளியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவர் கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண் கெட்டிக்காரி. "விரலுக்கு வேலை கொடுங்க சார், கம்ப்யூட்டர்ல ஏதாவது கேம் ஆடுங்களேன்" என்று சொல்லி, மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் ஒரு கார் விளையாட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். நான் சமையலறையில் இருந்தேன். திடீரென்று ஒரே சத்தம். பதறிப்போய் ஓடினால், இவர் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

"எவன் இதைச் செஞ்சவன்? சிக்னல் போடாமத் திரும்பறான்! ஆளை இடிச்சா பாயிண்டு தர்றான்! இதைப் பார்த்து வளர்ற புள்ளைங்க எப்படி உருப்படும்?"

"விளையாட்டுதானேங்க. எதுக்கு ரத்தக் கொதிப்பை ஏத்திக்கறீங்க?"

"விளையாட்டுன்னா? ஒழுங்கா ஒண்ணு செய்ய முடியாதா? நான் செஞ்சு காட்டறேன்."

வாய்ச்சவடால் என்று நினைத்தேன். ஆனால் மறுநாளே கம்ப்யூட்டர் விளையாட்டு செய்வது எப்படி என்று தேடிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்கென்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறதாம். அதை இறக்கினார். பாடம் நடத்தும் வீடியோக்களும் கிடைத்தன. அதில் ஒரு தாடிக்காரர் வந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். நான் அவருக்குத் தாடி என்றே பெயர் வைத்துவிட்டேன். இவர் ஆயுசில் ஒருவர் பேச இவர் வாயை மூடிக்கொண்டு கேட்டது என்றால் அது தாடி ஒருவர்தான்.

கார் என்று முதலில் செய்தது ஒரு பெட்டி. வெறும் வெள்ளைப் பெட்டி. தரை என்று ஒரு பலகை. ஓட்டு என்ற பொத்தானை அழுத்தினால் பெட்டி தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. தரை என்று வரைந்தால் போதாதாம். எதையும் உள்ளே விடாதே என்று அதற்குத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டுமாம். "எதையும் சொன்னாத்தான் செய்யும்போல. உங்க ஜாதகத்துக்கு ஏத்த வேலைதான்" என்றேன். அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. ஆனால் வியாதி வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

இடது கையால் எல்லாம். அவர் ஒரு வரி தட்டச்சு செய்வதற்குள் நான் ஒரு குழம்பு வைத்து இறக்கிவிடுவேன். ஒரு புள்ளியை விட்டாலும் சிவப்பு எழுத்தில் தப்பு தப்பு என்று காட்டும். ஊரையே திட்டியவரை அது உட்காரவைத்துத் திட்டியது. ஒருநாள் முழுக்க உட்கார்ந்து ஒரு தெருவையே அடுக்கினார். நடைபாதை, விளக்குக் கம்பங்கள், சிக்னல், தெருவைக் கடக்கிற கோடு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. பிறகு நிறுத்து பொத்தானை அழுத்தினார். மொத்தத் தெருவும் மறைந்து மறுபடி வெறும் பலகையும் பெட்டியும் வந்து நின்றன. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்கிற மாற்றம் எதுவும் நிலைக்காதாம். நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். புதிதாக வருகிற எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு என்று தாடி அடுத்த பாடத்தில் சொன்னார். முந்தைய பாடத்தில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இவர் குழந்தை மாதிரி அழுதார். பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்று மகள் கூப்பிட்டபோது மனது கேட்காமல் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவரைப் பற்றிய பேச்சில் அவள் சிரித்தது அன்றுதான்.

"அப்பாவா? கேம் பண்றாரா? அம்மா, பொய் சொல்லாதே."

அப்பா என்றாள். காதில் தேன் பாய்ந்தது எனக்கு. "சத்தியமா. தெருவெல்லாம் போட்டாரு, போச்சு. மறுபடி போடறாரு."

"முடிச்சதும் சொல்லச் சொல்லு. நான் வந்து ஆடிப் பார்க்கறேன்."

இதை அவரிடம் சொன்னதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்த விளையாட்டு ஊர்ப் பிள்ளைகளைத் திருத்துவதற்கு இல்லை. மகள் வீட்டுப் படி ஏற வேண்டும், அதற்காக. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

தெரு மறுபடி எழுந்தது. பெட்டிக்குச் சக்கரம் வந்தது, கண்ணாடி வந்தது, மஞ்சள் விளக்கு மினுக்கியது. அப்புறம்தான் தாடி அந்தப் பாடத்தை நடத்தினார். செய்த விளையாட்டை வேறொருவரிடம் கொடுத்து ஆடச் சொல்ல வேண்டும், செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவர் தப்பான பக்கம் போனாலும், மாட்டிக்கொண்டு முழித்தாலும் சொல்லக் கூடாது. அவர்களாக வந்து, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்கூட வழி காட்டக் கூடாது. "நீங்க என்ன செய்ய நினைக்கிறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அவ்வளவுதான். முடியாவிட்டால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்றார் தாடி.

இவர் அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"இதைத்தான் பாப்பா அன்னிக்கே சொன்னா, இல்ல?" என்றார்.

"இப்பவாவது உறைச்சுதே" என்றேன்.

ஒத்திகைக்கு நான்தான் அகப்பட்டேன். சைக்கிள்கூட ஓட்டாதவள் நான். அம்புக்குறியை அழுத்தினால் வண்டி போகும் என்பது வரை சொன்னார். முதல் நாள் நான் உட்கார்ந்ததுமே, "கண்ணாடி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல கையைத் தொடைக்கு அடியில் திணித்தார். கெட்ட கையை நான் எடுத்துத் திணித்துவிட்டேன். நான் தெருத் தெருவாகச் சுற்றினேன். ஒரு இடத்திலும் மோதவில்லை. நமக்கு இவ்வளவு நன்றாக ஓட்ட வருமா, வீணாகக் காலத்தைக் கழித்துவிட்டோமே என்று எனக்கே ஒரு பெருமை.

அந்தப் பழக்கத்தை அவர் வீட்டிலும் கொண்டுவந்துவிட்டார். "என்னங்க, அடுப்பு பத்தவே மாட்டேங்குது" என்றால், "நீ என்ன செய்ய நினைக்கிறே?" என்பார். "உங்க தலையில தீயை வைக்க நினைக்கிறேன்" என்பேன். கத்தியைப் பிடித்தால் பேச்சில்லை. எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மகள் வந்தாள். இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி பை கொண்டுவந்திருந்தாள், அவள் கடை கேக்கும் கொண்டுவந்திருந்தாள். இவர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில், அதே பக்கத்தில், வாத்தியார் இருக்கிற பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையும் தொடைக்கு அடியில்.

அவள் ஓட்டினாள். விளக்குக் கம்பங்களைப் பார்த்து, "அட, அழகா இருக்குப்பா" என்றாள். சிக்னலில் நின்றாள். சிக்னலே இல்லாத இடத்தில் வேகமெடுத்தாள். அவர் உதடு துடித்தது, வாய் திறக்கவில்லை. எனக்குச் சாமி கும்பிடத் தோன்றியது. அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சுவர்ல போய் முட்டினா என்ன ஆகும்னு பார்க்கறேன்" என்று வண்டியைச் சுவரைப் பார்த்து விட்டாள்.

சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றுவிட்டது.

மறுபடி பின்னால் போய் வேகமாக வந்தாள். நின்றது. எதிரே வந்த லாரிமேல் விட்டாள். நின்றது. கம்பத்தின் மேல் விட்டாள். நின்றது. அப்போதுதான் எனக்கும் என் ஓட்டும் திறமையின் லட்சணம் தெரிந்தது. எதற்காவது அருகில் போனால் வண்டி தானாக நிற்கும்படி இவர் எழுதிவைத்திருக்கிறார்.

அவள் விரலை எடுத்துவிட்டாள். "இதுக்குள்ளேயும் வந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அலுத்துப்போய்க் கேட்டாள்.

"அடிபட்டுடும்ல, பாப்பா" என்றார் அவர்.

"யாருக்குப்பா? இது பெட்டி."

அவள் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். கடையில் ஆள் இல்லை என்றாள். பையில் மடித்து வைத்திருந்த துணி மடித்தபடியே போயிற்று. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்த பஸ் என்று கேட்கவில்லை.

அன்றே அந்த வரிகளை எடுக்க உட்கார்ந்தார். எழுதினது சின்னதுதானாம், எடுப்பது அதைவிடச் சுலபமாம், ஆனால் அவரால் எடுக்க முடியவில்லை. விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோவார், எடுத்துவிடுவார். நாட்கள் போயின. கடைசியில் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார். "எடுத்துட்டேன். நீ ஓட்டு" என்றார். நான் வண்டியைச் சுவரை நோக்கி ஓட்டினேன். வண்டி டமால் என்று மோதி, ஒரு சக்கரம் கழன்று ஓடியது. காலடியில் ஏதோ தேய்கிற சத்தம். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தேன். செத்துப்போன கால் என்று டாக்டர் கைவிட்ட அந்த வலது கால், விரலெல்லாம் நடுங்க, தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை" என்றார். கால் அழுத்துவதை நிறுத்தும் வரை என்னை மோதவிட்டார். சாயங்காலங்களில் இதே வேலை. கடைசியாக நான் மோதியபோது கால் தரையில் துணி மாதிரி கிடந்தது. அதற்குப் பிறகுதான் மகளுக்கு விளையாட்டை அனுப்பினார். அதோடு ஒரே வரி: பிரேக்கை எடுத்துட்டேன் பாப்பா.

அவளிடமிருந்து பதில் வரவில்லை. எனக்குக் கூப்பிடுவதும் குறைந்தது. ஏதோ சரியில்லை என்று பெற்ற வயிறு சொன்னது; கேட்டால் வேலை அதிகம் என்றாள்.

பிறகு ஒருநாள் அவர் போன் அடித்தது. என் போன் இல்லை, அவர் போன். திரையில் மகளின் பெயர். நான்தான் பச்சையை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"அப்பா" என்றாள். அழுதிருக்கிறாள் என்று ஒரு வார்த்தையில் தெரிந்தது. "உங்க கேமை ஆடினேன்பா. நல்லா இருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க சொன்னது சரிதான். கூடக் கடை போட்டவளை நம்பியிருக்கக் கூடாது. என்னை விட்டுட்டுப் போயிட்டா. நல்லா வேலை தெரிஞ்ச பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போய் எதிர்லயே கடை போட்டுட்டா. தனியா நடத்தறதா, சாத்திட்டு வீட்டுக்கு வந்துடறதான்னு தெரியலை. நீங்க சொல்லுங்கப்பா. என்ன செய்யட்டும்?"

இவர் நல்ல கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கெட்ட கையையும் இழுத்து, தானாகவே அடியில் திணித்துக்கொண்டார். உதடு துடித்தது. சொல்வதற்கு அவரிடம் எவ்வளவு இருந்திருக்கும்! வந்துடு பாப்பா என்று ஒரு வார்த்தை போதுமே.

"நீ என்ன செய்ய நினைக்கிறே?" என்றார்.

"தெரியாமத்தானேப்பா உங்களைக் கேக்கறேன்."

சொல்லுங்க, சொல்லுங்க என்று நான் கையால் ஜாடை காட்டினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மறுபடி அதையே சொன்னார். "நீ என்ன செய்ய நினைக்கிறே, பாப்பா?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு மாதிரி கேட்டது. "சரிப்பா. உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றாள். போன் அணைந்தது.

இவர் கண்ணைத் திறந்தார். வியர்த்துப் போயிருந்தது. முகத்தில் அந்தப் பாதிச் சிரிப்பு. "பார்த்தியா? வாயே திறக்கலை. நல்லா இருந்தேன்ல?" என்றார். குனிந்து பார்த்தேன். கால் அசையாமல் கிடந்தது. எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"இருந்தீங்க" என்றேன்.

சமையலறைக்குப் போய், என் போனில் அவளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். "அம்மா, அவருக்கு என்மேல இவ்வளவு கோபமா?" என்றாள். கோபம் இல்லடி, அது அந்தத் தாடி சொன்ன பாடம் என்று ஆரம்பித்தேன். எனக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. "விடும்மா. கேட்டேன், அவர் சொல்லலை. இனிமே நானே பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அறையிலிருந்து இடது கை தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக.

"ஏய், அவகிட்டயா பேசறே?" என்று குரல் கொடுத்தார். "அடுத்த தெருவும் முடியப் போகுது. அனுப்பவான்னு கேளு."

கையில் போன் அணைந்து கிடந்தது. "அனுப்பச் சொல்றா" என்றேன்.